சுவரில் ஒரு மான் தலை

மலைநாட்டிலே தேயிலைத் தோட்டத் துரைமார் கட்டிய பழைய பங்களாக்களுள் நுழைபவர், முன்மண்டபச் சுவரில் ஒரு மண்டையோட்டைக் காண்பது வழக்கம். கேடயம் போற் செதுக்கிய பலகையொன்றில், கிளைத்த கொம்புகளோடு, கண்ணிருந்த குழிகள் வெறித்து நோக்க, அது தொங்கிக்கொண்டிருக்கும். சில வேளைகளில் அதன் கீழே ஓர் ஆண்டும், சுட்டவரின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். சுடப்பட்ட விலங்கைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இராது.

வேட்டையைப் பெருமையாகக் கருதிய காலத்தின் எச்சம் அது. பின்னாளில் நைல் நதியின் மூலத்தைத் தேடிச் சென்று புகழ்பெற்ற சாமுவேல் பேக்கர், 1840களின் பிற்பகுதியில் நுவரெலியாவிற் குடியேறி, நாய்களையும் கத்தியையும் துணைக்கொண்டு மரை வேட்டையாடியவர். அந்த அனுபவங்களை நூலாகவும் எழுதினார். அக்காலத்து ஆங்கிலேயர் நமது மரையை ‘எல்க்’ என்றே அழைத்தனர். தம் நாட்டுக் கண்டத்து விலங்கின் பெயரை இங்குள்ள பிராணிக்குச் சூட்டி, அதன் தலையையும் சுவரில் மாட்டிவிட்டால் அறிய வேண்டியது முடிந்தது என்று அவர்கள் எண்ணினார்கள் போலும்.

நமது மொழியோ மானை நுணுக்கமாக அறிந்த மொழி. ஆணைக் கலை என்றும், பெண்ணைப் பிணை என்றும், குட்டியை மறி என்றும் பிரித்து வழங்கியவர் நம் முன்னோர். மரையடித்தகுளம் என வன்னியின் ஊர்ப்பெயரிலேயே இவ்விலங்கு குடியிருக்கிறது. எனினும், ஒரு மானின் மண்டையோட்டைக் கையில் ஏந்தி அதனை ஊன்றிப் படித்தவர் நம்முட் சிலரே. அந்த வாய்ப்பு எனக்கு ஒரு முறை கிட்டியது. அவ்வேலையில் நான் கற்றவற்றை வாசகர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கோட்டை மான்கள்

திருக்கோணமலையில் பிரெடெறிக் கோட்டையின் வாயிலைக் கடந்து கோணேசர் ஆலயத்துக்குச் செல்பவர்கள், வழிநெடுகிலும் புள்ளிமான்களைக் காண்பார்கள். மானைக் கையில் ஏந்திய பெருமானின் சந்நிதிக்குச் செல்லும் பாதையில் மான்கள் அஞ்சாது நிற்பது கண்கொள்ளாக் காட்சி. கோட்டைக்கு வெளியே நகரத்துத் திடல்களிலும் கடற்கரையோரத்திலும் அவை கூட்டமாகத் திரியும். காட்டு விலங்கு நகரத்தாரோடு ஒட்டி வாழும் இத்தகைய இடங்கள் உலகிற் பல இல்லை.

ஆனால், ஒட்டி வாழ்வதற்கு ஒரு விலை உண்டு. சோற்றுப் பொதி சுற்றிய பொலித்தீன் தாளில் உப்பும் உணவின் மணமும் ஒட்டியிருக்கும். மான் அதனை நக்கும், பின்னர் விழுங்கிவிடும். 2018ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் அவ்வாறு மடிந்த ஒரு கலைமானை மிருக வைத்தியர் மரணப் பரிசோதனை செய்தார். அதன்பின், அதன் தலை மட்டும் உரிய அனுமதிக் கடிதத்தோடு எங்கள் பாடசாலையின் விலங்கியல் ஆய்வுகூடத்துக்கு வழங்கப்பட்டது. அதனைத் துப்புரவு செய்து மாணவர் படிப்பதற்கு ஏற்றதாக்கும் பொறுப்பு ஆசிரியனாகிய என்னிடம் வந்தது. பாடசாலையில் அந்த மணத்தைப் பொறுக்க யாராலும் இயலாது. ஆதலின் என் வீட்டு வளவின் பின்மூலையே தொழிற்சாலையாயிற்று.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நமது நாட்டில் 1937ஆம் ஆண்டின் விலங்கின, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் மான்களுக்கு அரணாக நிற்கிறது. 1949இல் நிறுவப்பட்ட வனசீவராசிகள் திணைக்களமே அதனை நடைமுறைப்படுத்துகிறது. தெருவோரத்திற் செத்துக் கிடந்தது என்பதற்காக ஒரு மானின் தலையை எவரும் வீட்டுக்கு எடுத்துச் செல்லலாகாது. கடிதம் முதலில், கத்தி பின்னர்.

கொம்பு என்ற ஒரே சொல்

மாட்டுக்கும் கொம்பு, மானுக்கும் கொம்பு என்று நாம் ஒரே சொல்லால் வழங்குகிறோம். ஆயினும் இரண்டும் வேறு வேறு பொருள்கள். மாட்டின் கொம்பு, உள்ளேயுள்ள என்புத் தண்டின்மேல் உறைபோல் அமைந்தது. அந்த உறை நமது நகத்தைப் போலக் கெரற்றின் என்னும் புரதத்தால் ஆனது. ஆயுள் முழுதும் வளரும், உதிராது. மானின் கொம்போ முற்றும் என்பு. ஒவ்வொரு முறையும் அது நெற்றியென்பின் மேலுள்ள குட்டையான தண்டிலிருந்து முளைக்கும். முளைக்கும்போது மென்மயிர் படர்ந்த தோல் அதனை மூடி, குருதியூட்டி வளர்க்கும். வளர்ந்து முற்றியதும் அத்தோல் காய்ந்து உரிந்துவிடும். பின்னர் ஒரு காலத்திற் கொம்பே உதிர்ந்து, அவ்விடத்திற் புதியது முளைக்கும். பாலூட்டிகளின் உடலில் மான் கொம்பைப் போல வேகமாக வளரும் என்பு வேறில்லை.

எங்கள் கலைமானின் கொம்புகள் முற்றி உரிந்தவை. யாழ் போல வளைந்து, பக்கத்துக்கு மூன்று கிளைகள் உடையவை. புள்ளிமானின் இலக்கணம் அது. கொம்பின் கபில நிறம் குருதியின் எச்சமும் மரங்களில் உராய்ந்ததால் ஏறிய சாறும் சேர்ந்து உண்டாவது. ஆதலின் மண்டையோட்டை வெண்மையாக்க முனைபவர் கொம்பினைத் தண்ணீரிலிருந்தும் மருந்திலிருந்தும் காப்பாற்ற வேண்டும். வெளுத்த கொம்பு மெழுகுப் பொம்மையின் முகம்போல உயிரற்றுத் தோன்றும்.

நுண்ணுயிர் செய்யும் வேலை

கையுறை அணிந்து, தோலை உரித்து, கண்களையும் நாவையும் கன்னத் தசைகளையும் கூரிய கத்தியால் அகற்றுவது முதற்படி. மூளையைப் பின்பக்கத்துப் பெருந்துவாரத்தின் வழியே வளைந்த கம்பியாற் கலக்கி, தண்ணீர் பாய்ச்சி வெளியேற்ற வேண்டும். கத்தி என்பைச் சுரண்டலாகாது; சுரண்டிய கீறல் என்றும் மறையாது.

இந்த நிலையில் அயல்வீட்டு முதியவர் ஒருவர் வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். இளமையிற் காடு திரிந்தவர்.

“மாஸ்ரர், பெரிய பானையிலை போட்டு ரெண்டு மணித்தியாலம் அவிச்சா இறைச்சி எல்லாம் கழண்டிடும். இதுக்குப் போய் ஒரு மாசம் மினக்கெடுறதோ?”

“கழரும் அண்ணை. ஆனா மூக்குக்குள்ளை இருக்கிற மெல்லிய எலும்பும் அதோடை போயிடும்.”

அவர் சொன்னது பல நாடுகளில் வேட்டைக்காரர் இன்றும் கையாளும் முறையே. கொதிக்க விடாது, மெல்லிய சூட்டிற் பொறுமையாக அவிப்பவர்கள் நல்ல பயனையும் பெறுகிறார்கள். எனினும் கொதி ஏறிவிட்டால் என்புகளின் பொருத்துகள் நெகிழும், பற்கள் பிளக்கும், கொழுப்பு என்பினுள்ளே ஊறிப் பின்னாளில் மஞ்சளாகக் கசியும். மூக்கறையினுள் ஓலைச்சுருள் போலச் சுருண்டிருக்கும் மெல்லிய என்புகளோ முதலிற் சிதையும். மான் மோப்பம் பிடிப்பதற்கு இடந்தரும் உறுப்பே அதுதான். பாடம் படிக்கும் ஓட்டில் அது இல்லாவிட்டால் பாடத்திற் பாதி இல்லை.

மண்ணிற் புதைத்து வைப்பது மற்றொரு வழி. செலவில்லாதது, ஆனால் மண்ணின் நிறம் என்பில் ஏறும், நாய் கிளறும், சிறு பற்கள் தொலையும். பெரிய அரும்பொருட்சாலைகளிலே தோலையும் தசையையும் தின்னும் ஒருவகை வண்டுகளை வளர்த்து, அவற்றிடம் என்புகளை ஒப்படைக்கிறார்கள். வீட்டில் அவ்வண்டுகளை வளர்த்தால் அவை அலுமாரியில் உள்ளவற்றையும் விடமாட்டா.

நான் கைக்கொண்டது தண்ணீரில் ஊறவிடும் முறை. மூடியுள்ள பெரிய பிளாஸ்திக்கு வாளியில் மண்டையோட்டை இறக்கி, கொம்புகளை வாளியின் குறுக்கே வைத்த தடியோடு கட்டி, கொம்படி வளையத்துக்குச் சற்றுக் கீழே நிற்கும்படி கிணற்று நீர் ஊற்றினேன். கீழ்த்தாடை தனியாக வேறொரு வாளியில் ஊறியது. மேலே இலையான் புகாதபடி துணி மூடினேன். அதன்பின் நான் செய்வதற்கு ஒன்றுமில்லை. தண்ணீரிற் பெருகும் பற்றீரியாக்கள் தசையை உண்டு கரைக்கும். முப்பது பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் அவற்றுக்கு உகந்தது. குளிர்நாட்டார் இதற்கென மின்சாரத்தால் நீரைச் சூடாக்குகிறார்கள். ஆனி ஆடியிற் கச்சான் காற்று வீசும் திருக்கோணமலையில் அந்தச் செலவு நமக்கு இல்லை.

நாலைந்து நாளைக்கு ஒருமுறை நீரின் ஒரு பகுதியை மாற்றினேன். முழுவதையும் மாற்றினால் வேலையாட்களாகிய நுண்ணுயிர்களையும் கொட்டிவிட்டவராவோம். கலங்கிய நீரை வளவின் மூலையில் வெட்டிய குழியில், அரிதட்டின் வழியே ஊற்ற வேண்டும். ஏனெனில் மானின் கீழ் முன்பற்கள் இலேசாகக் கழன்று விழுபவை. அரிதட்டில்லாவிட்டால் அவை சேற்றோடு போய்விடும். மணத்தைப் பற்றி நான் விரித்துரைக்கத் தேவையில்லை. என் மனைவி அந்த மாதம் முழுவதும் பின்கதவைத் திறக்கவேயில்லை என்பது போதும்.

மூன்று கிழமைகளில் ஓடு துலங்கியது. ஒவ்வொரு துவாரமும், ஒவ்வொரு நரம்பின் வழியும் உளியாற் செதுக்கியவை போலத் தெளிந்து நின்றன. அப்பொழுது எனக்கு ஓர் எண்ணம் தோன்றியது. மான் உயிரோடிருந்த காலத்தில் அதற்குச் சோறிட்டவையும் நுண்ணுயிர்களே. அசைபோடும் விலங்கின் இரைப்பை நான்கு அறைகள் உடையது. முதலறையிற் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்ந்து, நம்மாற் செரிக்க இயலாத புல்லின் நாரைச் சிதைத்து உணவாக்கித் தருகின்றன. புல்லைச் சிதைப்பதும் நுண்ணுயிர், தசையைக் கரைப்பதும் நுண்ணுயிர். ஆனால், மானின் வயிற்றிற் கிடந்த பொலித்தீனை அவற்றால் எதுவும் செய்ய முடியவில்லை. வயிறு நிறைந்திருப்பதாக உணர்ந்தபடியே அவ்விலங்கு பசியால் மெலிந்து மடிந்தது.

வெண்மையும் போலி வெண்மையும்

துலங்கிய என்பு வெள்ளையாக இராது. கொழுப்பின் மஞ்சள் அதிற் படிந்திருக்கும். பாத்திரம் கழுவும் சவர்க்கார நீரை இளஞ்சூடாக்கி அதில் ஊறவிட்டு, நீர் கலங்கும்போதெல்லாம் மாற்ற வேண்டும். கலங்காத நாள் வந்தால் கொழுப்பு நீங்கியது என்று பொருள். பன்றியின் என்புக்கு மாதங்கள் பிடிக்கும். மானின் என்பு கொழுப்புக் குறைந்தது, இரண்டு கிழமைகளிற் காரியம் முடிந்தது. இதைச் செய்யாது வெளுக்க முனைபவரின் ஓடு சில மாதங்களில் மீண்டும் மஞ்சளாகும்.

வெளுப்பதற்குப் பலரும் முதலில் நினைப்பது, துணி வெளுக்கும் குளோரீன் திரவத்தை. அதனை என்பின் அருகே கொண்டு செல்லவும் கூடாது. உலர்ந்த என்பில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு கல்சியம் பொசுபேற்று முதலிய கனிப்பொருள். எஞ்சியது பெரும்பாலும் கொலாசன் என்னும் புரதம். கனிப்பொருள் கல்லைப் போன்றது; புரதம் அதனைப் பிணைக்கும் சாந்து. குளோரீன் அந்தச் சாந்தை அரித்துவிடும். கழுவிய பின்னும் எஞ்சியிருந்து அரிக்கும். ஓடு முதலில் அழகாகவே வெளுக்கும். நாளடைவிற் சுண்ணக்கட்டி போல உதிரும்.

உகந்தது ஐதரசன் பேரொட்சைட்டு. மருந்துக்கடையிற் புண் கழுவக் கிடைப்பது நூற்றுக்கு மூன்று வீதம். போத்தலில் ‘10 கனவளவு’ என்று எழுதியிருக்கும். ஒரு லீற்றர் திரவம் பத்து லீற்றர் ஒட்சிசனை வெளிவிடும் என்பதே அதன் பொருள். நான் பயன்படுத்தியது 20 கனவளவு, அதாவது ஆறு வீதம். ஓட்டின்மேற் பஞ்சைப் பரப்பி, திரவத்தில் நனைத்து, நிழலில் வைத்து, காயக் காய மீண்டும் நனைத்தேன். கொம்படியைப் பொலித்தீனால் இறுகச் சுற்றி மறைத்தேன். மானைக் கொன்ற பொருளே அதன் கொம்பின் நிறத்தைக் காத்தது என்பதைக் கசப்போடு நினைத்துக்கொண்டேன். இரண்டு நாளிற் போதிய வெண்மை வந்தது. ஒட்சிசன் வெளியேறியபின் எஞ்சுவது வெறும் தண்ணீர். ஆதலின் என்புக்குப் பின்விளைவு இல்லை. ஆயினும் கைபட்டால் எரியும், கண்ணிற் பட்டால் கேடு செய்யும். இறுக மூடிய பாத்திரத்தில் அடைத்தால் வாயு பெருகி வெடிக்கவும் கூடும்.

உலர்த்துவதும் நிழலிலேயே. நம்மூர் வெயிலில் வைத்தால் பற்களின் மிளிரி வெடித்துவிடும். உலர்ந்த ஓட்டுக்கு வார்னிசு பூசுவோர் உண்டு. சுண்ணாம்பு பூசுவோரும் உண்டு. வார்னிசு காலத்தால் மஞ்சளாகும். சுண்ணாம்பு, படிக்க வேண்டிய எழுத்தின்மேல் வெள்ளையடிப்பதற்கு ஒப்பாகும். தூய என்பு மங்கிய தந்த நிறமுடையது. அதற்கு மேற்பட்ட வெண்மை நமது ஆசையே தவிர, மானின் நிறமன்று.

நிறுத்தும் முறை

அரிதட்டிற் சேர்த்த முன்பற்களை அவற்றின் குழிகளில் மரப்பசை கொண்டு பொருத்தினேன். கீழ்த்தாடை இரண்டு துண்டுகளாக வந்திருந்தது. மானுக்கு மோவாயிலே இரு பாதிகளும் ஒன்றாய் இறுகுவதில்லை. உடைந்ததென்று அஞ்ச வேண்டியதில்லை.

சுவரில் மாட்டுவோர் கேடயப் பலகையின் பின்னிருந்து ஓட்டின் பிடரியென்பிலே திருகாணி முடுக்குவர். நான் அவ்வாறு செய்யவில்லை. பலாப்பலகையில் ஒரு பீடம் அமைத்து, அதில் வளைத்த பித்தளைக் கம்பியொன்றை நட்டு, அக்கம்பி பெருந்துவாரத்தினுள் நுழையுமாறு ஓட்டை அமர்த்தினேன். கொம்பின் பாரம் பின்னோக்கி இழுக்கும். ஆகையாற் பீடத்தைப் பின்புறம் நீட்டமாக வைத்தேன். ஆணியில்லை, பசையில்லை. மாணவன் வேண்டியபோது ஓட்டைத் தூக்கிக் கையில் வைத்துத் திருப்பிப் பார்க்கலாம். சுவரில் உயர மாட்டியது அண்ணாந்து வியப்பதற்கு. மேசைமேல் வைத்தது குனிந்து படிப்பதற்கு.

ஓடு சொன்னதும் சொல்லாததும்

உயர்தர வகுப்பு மாணவர் அதனைச் சூழ்ந்து நின்று படித்த நாள் எனக்கு மகிழ்ச்சியான நாள். மேற்றாடையில் முன்பற்களே இல்லை என்பதை ஒரு மாணவி முதலிற் கண்டாள். கீழே எட்டுப் பற்கள், மேலே தடித்த ஈறு; இவற்றிடையே புல்லைப் பற்றி இழுத்துப் பறிப்பது மானின் வழக்கம். அதற்குப் பின்னே பல்லில்லாத நீண்ட இடைவெளி. அதற்கும் பின்னே பிறைவடிவ மிளிரி வரிகள் கொண்ட கடைவாய்ப் பற்கள், அம்மியைப் போல. கண்குழிகள் முன்னோக்கி இராது பக்கங்களை நோக்குகின்றன. வேட்டையாடப்படும் விலங்குக்குப் பின்னாலும் பார்வை வேண்டும். கண்குழிக்கு முன்னே ஒரு பள்ளம். மணம் சுரக்கும் சுரப்பியின் இருப்பிடம் அது. பாற்பற்கள் அனைத்தும் மாறியிருந்தன. கடைவாய்ப் பற்களின் வரிகள் இன்னும் கூராகவே இருந்தன. நல்ல பருவத்துக் கலை, முதுமையால் மடிந்ததன்று.

இவ்வளவும் ஓடு தானே சொன்னது. அப்பொழுது பின்வரிசையில் நின்ற மாணவன் ஒருவன் கேட்டான்:

“சேர், இதிலை ஒரு காயமும் இல்லையே. அப்ப இது எப்பிடிச் செத்தது?”

விலங்கியல் ஆசிரியன் எவனும் விரும்பும் கேள்வி அது. குண்டு பட்டிருந்தால் துளை இருக்கும். சிறுத்தை கடித்திருந்தால் பற்குறி இருக்கலாம். வாகனம் மோதியிருந்தால் முறிவு இருக்கலாம். பொலித்தீன் என்பில் எந்த அடையாளத்தையும் விட்டுச் செல்வதில்லை. மண்டையோடு எவ்வளவு தூயதாயினும், எவ்வளவு வெண்மையானதாயினும், இம்மரணத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. மனிதன் எழுதி வைத்தால் மட்டுமே அது தெரியவரும்.

ஆதலின் பீடத்தில் ஒட்டும் சிட்டையை அன்றே மாணவரைக் கொண்டு எழுதுவித்தேன். அரும்பொருட்சாலைகளிற் சிட்டையில்லாத மாதிரிக்கு மதிப்பில்லை என்பது தொழிலின் முதல் விதி. இனம்: புள்ளிமான். பால்: ஆண். இடம்: திருக்கோணமலை. காலம்: ஆனி, 2018. இறந்த காரணம் என்ற வரியில் ‘நோய்’ என்று எழுதலாமா என ஒருவன் கேட்டான். வேறொருத்தி அவனைத் தடுத்து, “இரைப்பையிற் பொலித்தீன்” என்று தன் கையெழுத்தில் எழுதினாள். செய்தவர் பெயர் என்ற இடத்தில் என் பெயரை இடுவதா என்று அவர்கள் வினவியபோது, பாடசாலையின் பெயரை எழுதச் சொன்னேன்.

பங்களாச் சுவரின் மான் தலைக்கும் இதற்கும் பொருளில் வேற்றுமை இல்லை. அதே என்பு, அதே கொம்பு. வேற்றுமை கீழே எழுதப்பட்ட வரியில் இருக்கிறது. அங்கே கொன்றவன் பெயர் உண்டு. இங்கே கொன்றது எது என்பது உண்டு; யார் என்பதை எழுத ஒரு சிட்டை போதாது. ஆலயத்துக்கு வந்தவர், கடல் பார்க்க வந்தவர், அவ்வூரிலேயே வாழ்பவர் என அந்தப் பட்டியல் நீளும்.

திருக்கோணமலைக்குச் செல்லும் அன்பர்களை ஒன்று வேண்டிக்கொள்கிறேன். பொதிச் சோற்றை உண்ட பின் அந்தத் தாளை மடித்து உங்கள் பையிலேயே வையுங்கள். மான் உங்களை நெருங்கி வந்து பையை மோந்தாலும் கொடுக்காதீர்கள். அதன் முகத்தை ஒருகணம் உற்றுப் பாருங்கள்; கண்ணின் முன்னேயுள்ள அந்தச் சிறு பள்ளம் உங்களுக்கும் தெரியும்.